குமிழில் இட்ட மெழுகு

எந்தப் பொருளைக் கையில் எடுப்பதற்கு முன்பும் கைக்குட்டையால் துடைப்பது என் வழக்கம். பொருளை அல்ல, என் விரல்களை. சற்று முன் நீங்கள் கொடுத்த தண்ணீர்க் குவளையை எடுக்கும்போதும் அப்படிச் செய்ததைக் கவனித்தீர்கள். குவளை அழுக்காக இருக்கிறது என்று குறிப்பால் உணர்த்தினேன் என எண்ணிவிட வேண்டாம். அழுக்காகத்தான் இருக்கிறது, ஆனால் விருந்தாளியாக வந்தவன் அதைச் சொல்வது பண்பு அல்ல.

என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானே நடந்து வந்தேன். என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்துபோனார். அதைப் பற்றி உங்கள் காவல் நிலையத்தில் ஒரு முடிவு எழுதப்படுகிறது. அந்த முடிவில் பழி பொருந்தாத இடத்தில் விழப்போகிறது. அதைச் சரிசெய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. நிதானமாகச் சொல்கிறேன்; குறுக்கே கேள்வி கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஒரு வானொலித் தொழிற்சாலையில் பெட்டி வடிவமைப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளே இருக்கும் கம்பிகளும் வால்வுகளும் பொறியாளர்களின் பாடு. அவற்றுக்கு ஓர் உடம்பு கொடுப்பது என் பாடு. வால்வு ரேடியோ என்றால் உங்கள் வயதினருக்கு மேசையை அடைத்துக்கொண்டு நிற்கும் மரப்பெட்டிதான் நினைவுக்கு வரும். நாங்கள் செய்தது கையில் தூக்கிக்கொண்டு போவது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பெட்டி அளவுதான் இருக்கும். மூடியை உயர்த்தினால் அதுவே உயிர்பெறும். தாழ்த்தினால் அதுவே அடங்கும். தனியாக ஒரு விசை கிடையாது. ஏரியல் கம்பியை மூடிக்குள் சுருளாகப் பதித்திருந்தோம். ஆகவே எலியின் வாலைப் போல வெளியே எதுவும் தொங்காது. மேலே அடர்ந்த மெரூன் நிறத்தில் தோலைப் போன்ற உறை, முகப்பில் தந்த நிறத் தகடு. அதில் உள்ள எண்களை நானே வரைந்தேன். ஆறு என்ற எண்ணின் வயிறு தொங்கிப்போகாமல் நிற்க எத்தனை தாள்களைக் கிழித்துப் போட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கட்டைவிரல் பருமனில் கண்ணாடிக் குழல்கள், அவைதான் வால்வுகள். அவற்றின் இழையைச் சூடாக்க ஒரு பாட்டரி. அவற்றை வேலை வாங்க அதைவிடப் பெரிய இன்னொரு பாட்டரி. இரண்டையும் சுமக்கவே தோள்பட்டை வேண்டும். ஆகவே வீட்டில் இருக்கும்போது சுவரில் சொருகிக் கேட்க ஒரு கம்பியும் வைத்தோம். இங்கேதான் ஒரு சிக்கல். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பழக்கி உள்ளே அனுப்ப ஒரு டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். அது இரும்பும் செம்பும் சேர்ந்த கட்டை. அதை வைத்தால் என் பெட்டி பெட்டியாக இராது, அரவைக் கல்லாகிவிடும். வைக்காவிட்டால் சுவர் மின்சாரத்தின் ஒரு முனை நேராக உள்ளே இருக்கும் இரும்புத் தகட்டுக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காலத்தில் பலரும் வைக்காமலேதான் செய்தார்கள். வைக்காதவனுக்கு ஒரே விதி: கேட்பவனின் விரல் எந்த உலோகத்தையும் தொடக்கூடாது.

எங்கள் தலைமைப் பொறியாளர் டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். என்னை வழிக்குக் கொண்டுவர ஒரு கதை சொன்னார். ஒரு காகம் நத்தையிடம் வந்து, “இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு ஏன் ஊர்கிறாய், ஓட்டைக் கழற்றிவிட்டால் என்னைப் போலத் துள்ளிப் போகலாமே” என்றதாம். நத்தை கழற்றியது. காகம் கொத்தித் தின்றது. “டிரான்ஸ்பார்மர்தான்யா ஓடு. புரியுதா?” என்றார். எனக்குக் கதைகள் பிடிக்கும். ஆனால் அவற்றின் நீதியை மற்றவர்கள் அவசரமாக எடுத்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஓட்டைக் கழற்றிய அந்தச் சிறிது நேரத்தில் நத்தை பார்க்க எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய அச்சத்துக்கு நான் ஒரு விடை கண்டேன். வெளியே எல்லாம் பிளாஸ்டிக். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் தண்டோடு இறுக்கும் சிறு திருகாணி மட்டும் உலோகம். அது உள்ளே இருக்கும் இரும்புத் தகட்டோடு தொடர்பு உடையது. அதைக் குழிக்குள் ஆழமாக இறக்கி, குழியை மெழுகால் அடைத்துவிடச் சொன்னேன். எந்த மெழுகு என்பதுதான் கேள்வி. விளக்கு மெழுகு வால்வின் சூட்டில் இளகியது. தார் நாறியது. கடைசியில் பிசின் கலந்து, மெரூன் சாயம் சேர்த்து, நானே ஒன்றைக் காய்ச்சினேன். குமிழை உற்றுப் பார்த்தாலும் அங்கே ஒரு குழி இருப்பது தெரியாது. கடைசி மேசையில் பெண்கள் சிறு கரண்டியால் அதைச் சொட்டுவார்கள். அந்த வேலைக்கு அவர்களாகவே ‘கண் மூடுவது’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “அக்கா, இந்த வரிசைக்குக் கண் மூடியாச்சா?” என்று ஒருத்தி கேட்பாள், “மூடியாச்சு, நீ வாயை மூடு” என்று மற்றவள் சொல்வாள். மெழுகு ஆறியதும் ஒருவர் நகத்தால் தோண்டிப் பார்க்க வேண்டும். நகம் உடையும், மெழுகு வராது. அந்த ரேடியோக்களால் ஒருவருக்கும் விரலில் சிறு மின்கூச்சம்கூட ஏற்பட்டதாகப் புகார் வந்ததில்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

ஓய்வு பெற்ற நாளில், முதன்முதலில் வெளிவந்த ரேடியோவை எனக்கே கொடுத்தார்கள். அதைக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் வைத்தேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து, பஞ்சால் துடைத்து, ஒரு பாட்டு கேட்டுவிட்டு உள்ளே வைப்பேன்.

இனி என் மைத்துனர். அவரைப் பற்றி நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தகப்பன் இல்லாத வீட்டில் படிப்பை விட்டுவிட்டு, மூட்டை தூக்கித் தங்கையை வளர்த்தவர். அவள் திருமணத்துக்காகத் தன் திருமணத்தைத் தள்ளிப் போட்டவர். மனைவி இறந்தபின் தனியாக இருக்க முடியாமல் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். என் மனைவி அந்தப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள், என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. நான் “வாங்க” என்றுதான் சொன்னேன்.

அவர் உண்ணும்போது தாடை ஒரு பக்கமாகத் தேயும் ஓசை அடுத்த அறைக்குக் கேட்கும். உண்டு முடித்தபின் பல்லிடுக்கில் நாக்கை விட்டு உறிஞ்சுவார், கிடைத்ததைப் பார்ப்பார், மறுபடி வாயில் போடுவார். துண்டால் மூக்கைச் சிந்தி, அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் நாற்காலியில் சாய்வார். சாய்ந்த இடத்தில் தலையின் எண்ணெய் வட்டமாகப் படிந்திருக்கும். குளியலறைச் சோப்பில் எப்போதும் ஒரு நரைமுடி சுருண்டு ஒட்டியிருக்கும். நான் அதை ஒரு காகிதத்தால் எடுப்பேன். ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. என் மனைவிக்கு இவை எதுவுமே கண்ணில் படவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. உடன்பிறந்தவர்களுக்கு ஒருவர் எச்சில் மற்றவருக்குத் தண்ணீர் போல ஆகிவிடும் போலிருக்கிறது.

ஒரு மாலை நான் கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது பின்பக்கத் தாழ்வாரத்தில் பாட்டு கேட்டது. அலமாரிக் கதவு திறந்திருந்தது. அவர் முக்காலியில் என் ரேடியோவை வைத்து, கால்களை உப்பு கலந்த வெந்நீர்த் தொட்டியில் ஊறப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பாதத்தில் பித்தவெடிப்பு. ஊறியபின் வெள்ளையாகச் சுருங்கிய தோலை விரலால் உரிப்பார். உரித்ததை எங்கே போட்டார் என்று நீங்கள் கேட்கவில்லை; நான் சொல்கிறேன். ரேடியோவின் மூடி விளிம்பில் வரிசையாக வைத்திருந்தார்.

“மாப்பிள்ளை, உங்க பொண்ணு நல்லாத்தான் பாடுறா,” என்றார். “இவ்வளவு நாள் ஏன் கண்ணாடிக்குள்ள பூட்டி வெச்சிருந்தீங்க? பெத்த பொண்ணுன்னாலும் நாலு பேர் பார்க்க விடணுமில்ல.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவருக்கு எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டு என்பதே தெரியாது. சொல்லிக்கொண்டே ஈரக் கட்டைவிரலால் ஒலியைக் கூட்டினார். அந்த விரலை அவர் குமிழிலிருந்து எடுப்பதே இல்லை. பாட்டுக்கு ஏற்ப ஏற்றுவதும் இறக்குவதுமாக இருப்பார்.

மனைவியிடம் தனியாகச் சொன்னேன். “அண்ணன் ரெண்டு பாட்டு கேட்டா உங்க ரேடியோ தேஞ்சா போயிடும்? அவருக்கு வேற என்ன இருக்கு?” என்றாள். பிறகு, நான் முகம் சுளித்ததைப் பார்த்திருக்க வேண்டும், “என்னைத் தொட்டாக்கூட நீங்க கையைக் கழுவுறவர்தானே,” என்றாள். அது உண்மைதான்; ஆனால் இந்த விவகாரத்துக்குத் தொடர்பில்லாதது.

அதன்பின் நாள்தோறும் அதே காட்சி. பின்பு ஒருநாள் ரேடியோ பாடவில்லை. மைத்துனர் பதறிப்போய், என்னிடம் சொல்லக்கூடக் காத்திராமல், அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருமுனை மெக்கானிக்கிடம் ஓடினார். ‘வால்வு’ என்றுதான் அவனுக்குத் தெருவில் பெயர். அவன் பின்மூடியைத் திறந்து, கெட்டுப்போன ஒரு வால்வை எடுத்துவிட்டு வேறொன்று போட்டான். மைத்துனர் அதைச் சுமந்து வந்து என் முன் வைத்து, தான் உடைத்த பாத்திரத்தை ஒட்டிக் கொண்டுவந்த பிள்ளையைப் போல நின்றார். “சரி பண்ணிட்டேன் மாப்பிள்ளை. மனசுல வெச்சுக்காதீங்க.”

நான் அதைச் சுத்தம் செய்ய மேசைக்கு எடுத்துப் போனேன். பின்மூடியைத் திறந்தேன். வால்வுகளுக்கு நடுவே வெதுவெதுப்பான இடத்தில் கரப்பான்பூச்சி முட்டைக் கூடுகள் ஒட்டியிருந்தன. ஒலிபெருக்கியின் காகிதத்தில் தேநீர் வழிந்த பழுப்பு. அடித்தட்டில் ரொட்டித் துகளும் நகத்துண்டுகளும், அவற்றின்மேல் உலர்ந்து வெற்றுத்தாள் போலாகிவிட்ட அந்தத் தோலும். நான் வரைந்த ஆறின் வயிற்றுக்குள் ஏதோ பிசுபிசுப்பு. வாந்தி எடுத்தேன். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து வேலையைத் தொடங்கினேன்.

ஒவ்வொன்றாக எடுத்தேன். கூடுகள், துகள்கள், நகம், தோல். பஞ்சால் துடைத்தேன். முன்பக்கம் வந்தேன். ஒலிக் குமிழைச் சுற்றி அவருடைய கட்டைவிரல் அழுக்கு கறுப்பாகப் படிந்திருந்தது. அதையும் ஊசி நுனியால் எடுத்தேன். ஊசியைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டேன். குழியின் விளிம்பைச் சுற்றி வந்தேன். நான் சுத்தம்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குமிழில் அவருடையது எது, என்னுடையது எது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது.

மறுநாள் மாலை தாழ்வாரத்தில் முக்காலியைச் சுவரோரம் நான்தான் போட்டேன். கம்பியை நான்தான் சொருகினேன். எந்தப் பக்கமாகச் சொருகினால் உள்ளே இருக்கும் தகடு மின்சாரம் ஏறி விழித்துக்கொள்ளும் என்பதை, அதைக் கட்டியவன் மறக்க முடியாது. கொக்கும் கழுதையும் என்று ஒரு கதை உண்டு. ஒரு கொக்கின் குளத்தில் கழுதை தினமும் வந்து புரளும். கொக்கு சண்டை பிடிக்கவில்லை. “அந்தப் பக்கம் போ, தண்ணீர் இன்னும் தெளிவாக இருக்கும்” என்று மட்டும் சொன்னது. அந்தப் பக்கம் ஆழம். கொக்கு சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நானும் பொய் எதுவும் சொல்லவில்லை. வெந்நீர்த் தொட்டியை முக்காலிக்கு அருகே நகர்த்தி, “இப்படி உட்கார்ந்தால் கை எட்டும்” என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “என் தங்கச்சி கொடுத்து வெச்சவ,” என்றார்.

நான் கூடத்துக்குப் போகவில்லை. சமையலறை வாசலில் நின்றேன். அவர் மூடியை உயர்த்தினார். வால்வுகள் சூடேறச் சற்று நேரம் ஆகும். அந்த மௌனத்தை நான் எப்போதும் விரும்புவேன். பாட்டு தொடங்கியது. ஒலியைக் கூட்டக் கையை நீட்டினார்.

அந்தப் பகுதியை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரின் அறிக்கை உங்களிடம் இருக்கிறது. அவர் உடம்பு விறைத்து முக்காலியில் மோதியது. ரேடியோ சரிந்தது. நான் பாய்ந்து போய் அதன் தோல் கைப்பிடியைப் பற்றித் தூக்கினேன். கைப்பிடி தோல், அதில் மின்சாரம் வராது. தொட்டித் தண்ணீரில் விழாமல் காப்பாற்றிவிட்டேன். அதன்பிறகு கம்பியைப் பிடுங்கினேன். என் மனைவி அதற்குள் வந்துவிட்டிருந்தாள்.

உங்கள் ஆட்கள் வந்தபோது அவள் மெக்கானிக்கைத்தான் கைகாட்டினாள். தெருவே கூடியிருக்க, அவன் சட்டையைப் பிடித்து, “நீ தொட்ட பிறகுதான் என் அண்ணன் போனாரு” என்று அறைந்தாள். அவனைக் கொண்டுபோனீர்கள். கடைக்குப் பூட்டு போட்டீர்கள். அவன் தாய் எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, அவன் பின்மூடியைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். படியை நான் பிறகு கழுவிவிட்டேன். நான் ஏன் அப்போதே வாய் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அப்போது அது நியாயமான முடிவாகவே எனக்குப் பட்டது. கடைசியாகத் தொட்டவனைச் சந்தேகிப்பது உலக வழக்கம்.

பிறகு உங்கள் மின்துறை நிபுணர் வந்தார். சின்ன வயது. என் ரேடியோவைச் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்துப் பிரித்தார். மெக்கானிக் குமிழ்ப் பக்கமே போகவில்லை என்று கண்டுபிடித்தார். அது சரி. அதன்பின் குமிழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என் எதிரிலேயே, நான் யார் என்று அறியாமல், சிரித்துக்கொண்டே சொன்னார்: “டிசைனே தப்புங்க. மெழுகை நம்பி எவனோ ஒரு புண்ணியவான் ரேடியோ பண்ணியிருக்கான். வயசாகி மெழுகு காஞ்சு உதிர்ந்திருக்கு. இந்த மாதிரி செட்டு எங்க இருந்தாலும் வாங்கி உடைச்சுப் போடச் சொல்லி எழுதணும்.”

முந்தாநாள் மெக்கானிக்கை விடுதலை செய்துவிட்டீர்கள். ஆம், அது எனக்குத் தெரியும். அவனுக்காக நான் வந்திருக்கிறேன் என்று இவ்வளவு நேரம் நீங்கள் எண்ணியிருந்தால் அது என் பேச்சின் குறை.

என் மனைவி நேற்றுக் காலை அவன் கடைக்குப் போனாள். அறைந்த அதே இடத்தில், அதே ஆட்கள் பார்க்க, அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். ஈயமும் எண்ணெயும் ஏறிக் கறுத்த அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். பூட்டிக் கிடந்ததில் தூசி படிந்திருந்த கடையைத் தானே பெருக்கி, அவன் பலகையைத் தன் முந்தானையாலேயே துடைத்தாளாம். வீட்டுக்கு வந்து, அண்ணனின் தகரப் பெட்டியில் தன் துணிகளை அடுக்கினாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். அவள் சேலைத் தலைப்பில் இருந்த கரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க அன்னிக்கு எதை முதல்ல பிடிச்சீங்கன்னு நான் பார்த்தேன்,” என்றாள். போய்விட்டாள். நீங்கள் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன்: நான் வந்தது அதனாலும் அல்ல.

அவள் செய்த தவறை அவள் சரிசெய்தாள். என்னால் நேர்ந்த அநீதியை நான் சரிசெய்ய வேண்டும். இந்தத் தீப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பயப்பட வேண்டாம். இதுதான் அந்தக் குழியில் இருந்த மெழுகு. ஒரே துண்டாக வந்தது. எத்தனை ஆண்டுக்காலச் சூடு, எத்தனை மழைக்காலம். ஒரு விரிசல் இருக்கிறதா பாருங்கள். சாயம்கூட மங்கவில்லை. உங்கள் நகத்தால் கீறிப் பாருங்கள். இது உதிரும் மெழுகா? இது தானாக விழவில்லை, ஐயா. அவருடைய விரல் எங்கே படும் என்று தெரிந்து, சூடான ஊசியால் நான் தோண்டி எடுத்தேன். அவர் சாக வேண்டும் என்றே எடுத்தேன்.

ஆகவே அந்த நிபுணரின் அறிக்கையில் ‘உதிர்ந்தது’ என்று வரும் இடத்தை அடித்துவிடுங்கள். மற்ற வீடுகளில் இருக்கும் பெட்டிகளை யாரும் உடைக்க வேண்டியதில்லை. வடிவமைப்பில் குறை எதுவும் இல்லை என்பதை முதல் வரியாகப் போடுங்கள். மற்றதை அதன் கீழே எங்கே இடம் இருக்கிறதோ அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.